வெளியே கேட்ட பாதி

"அப்பாவை வேண்டாம்னு சொன்ன அக்கா நீங்கதானா?"

பேருந்து நிலையத்துக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு பள்ளிக்கூடப் பெண் இப்படிக் கேட்டாள். கேலியாகக்கூடக் கேட்கவில்லை. தடம் எண் கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"இல்லையேம்மா. அது வேற யாரோ" என்றாள் பெரியவள்.

சொன்ன வாய் சும்மா இருந்திருக்கலாம். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக நிற்கிற அந்தக் குரலே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"அய்யோ, நீங்களேதான்!" என்று அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். ஓடினவள் நேரே தோழிகளிடம்தான் ஓடினாள்.

அது நடந்து கொஞ்ச நாளாகிவிட்டது. இப்போது யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

நடந்தது இவ்வளவுதான். பெரியவள், வீட்டுக்கு மூத்த பெண், பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். மேடைகளுக்கு மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது, எது தாமதம் என்று சொல்வது அவள் வேலை. மைக்கின் அடியில் இருக்கிற பொத்தானுக்கு ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தது. அழுத்தினால் மட்டும் அணையாது. நகத்தால் மேலே ஒரு இழு இழுக்க வேண்டும். அன்றைக்கு அந்தக் கையில் போன் இருந்தது. போனில் தங்கை, சின்னவள்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் பெரியவளுக்கு வேறு குரல் வராது. கோபம்கூட அறிவிப்பாகத்தான் வரும்.

"அப்பாவை நீயே வச்சுக்கோ. எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டவே வேண்டாம்."

நிலையம் முழுக்கக் கேட்டது. நடைமேடைக் கூட்டம் ஒரு கணம் அண்ணாந்து பார்த்தது. அப்போதுதான் அவள் சிவப்பு விளக்கைக் கவனித்து, பதறிப்போய்ப் பொத்தானை இழுத்து அணைத்தாள். அணைத்த பிறகு போனில் தங்கையிடம் மீதியைச் சொன்னாள்.

"நாலு நாள் மட்டும்டி. ஒரு நாலு நாள் தூங்கி எழுந்துட்டு வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

முதல் பாதியை ஊரே கேட்டது. இரண்டாம் பாதியைக் கேட்டவள் ஒருத்திதான்.

யாரோ ஒரு பயணி முதல் பாதியைப் பதிவு செய்து வெளியே விட்டான். இன்னொருவன் முன்னால் "டிங் டாங்" மணியை ஒட்டினான். மூன்றாமவன் வேகத்தைக் கூட்டி, எலி பேசுகிற மாதிரி ஆக்கினான். அப்புறம் அதற்குக் கால் முளைத்துவிட்டது. கருகின ரொட்டியைக் காட்டி "எனக்கு வேண்டாம்." கிழிந்த குடையைக் காட்டி "நீயே வச்சுக்கோ." 'அப்பா' என்ற சொல்லுக்கு அங்கே அர்த்தமே இல்லாமல் போயிற்று. சிரிப்பு மட்டும் மிச்சம்.

இன்று காலை நிலைய மேலாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"உக்காரும்மா" என்றார். உட்காரச் சொன்னாலே விஷயம் நல்லதில்லை என்று அவளுக்குத் தெரியும். "நாளைலேர்ந்து அறிவிப்பை மெஷினே பாத்துக்கும். நேரத்தையும் வண்டி எண்ணையும் அடிச்சாப் போதும், அதுவே பேசிடும். பொம்பளைக் குரல்தான்."

"யாரோட குரல் சார்?"

"யாரோடதும் இல்ல. அதான் அதுல வசதி. அதுக்கு வீடு இல்ல, வாசல் இல்ல, போன்ல சண்டை போட தங்கச்சி இல்ல." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்துப் பேனாவை மூடினார். "உன்னைத் தொலைஞ்ச பொருள் அறைக்கு மாத்தியிருக்கு. தப்பா எடுத்துக்காதே. நீ மைக்கைத் தொட்டாலே கீழே பசங்க போனைத் தூக்கிட்டு நிக்கறானுங்க. இன்னொண்ணு வருமான்னு."

"சரி சார்."

"உங்கப்பா பாத்துட்டாரா?"

எல்லோரும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்கள். அக்கறை மாதிரி இருக்கும். உள்ளே ஒரு நாக்கு சப்புக்கொட்டும்.

"அவருக்குத் தெரியாது சார். தெரியவும் கூடாது."

வேலை போனாலும், குரல் போனாலும் போகட்டும். அந்த வாக்கியம் அப்பாவின் காதில் விழக்கூடாது. இத்தனை நாளாக அவள் கட்டிக் காத்தது அந்த ஒன்றைத்தான். அப்பாவுக்குக் காது மந்தம், அது ஒரு பக்கம் உதவிற்று. ஆனால் அவர் கையில் ஒரு போன் இருந்ததே!

அந்தப் போன் சின்னவள் வாங்கித் தந்தது. அதோடு அப்பாவின் வாழ்க்கையே மாறிப்போயிற்று. காலம் பூராவும் பேருந்து ஓட்டின மனிதர், இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தவர், இப்போது விடியும்போதே பூப்படத்தில் "காலை வணக்கம்" போட்டுச் சொந்தக்காரர் அத்தனை பேரையும் எழுப்பிவிடுகிறார். சாயங்காலமானால் சின்னவள் திரையில் வருவாள். பின்னால் வெள்ளைத் திரைச்சீலை, பக்கத்தில் செடி, முகத்தில் தனி வெளிச்சம். "அப்பா, சாப்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பாள். அப்பா உருகிப் போவார்.

"பாப்பா ஒரு நாள் விடறதில்ல பாரு" என்பார் பெரியவளிடம். பெரியவள் அப்போது அவருடைய நனைந்த படுக்கை விரிப்பை அலசிக்கொண்டிருப்பாள்.

மாத்திரையை எடுத்துக் கொடுப்பவளுக்கு, போட்டீர்களா என்று கேட்க வேண்டிய தேவையே வருவதில்லை. அதனால் அவள் கேட்டதே இல்லை. அது அவள் கணக்கில் ஒரு குறையாகவே விழுந்தது.

மதிய உணவு நேரத்தில் போன் அதிர்ந்தது. 'நம்ம குடும்பம்' என்ற குழுவில் அப்பா ஒரு வீடியோ போட்டிருந்தார். தட்டில் வைத்த சோற்றை மோந்து பார்த்து முகம் திருப்பிக்கொண்டு போகிற பூனை. டிங் டாங். அடியில் எழுத்தும் ஓடிற்று: "அப்பாவை நீயே வச்சுக்கோ. எனக்கு வேண்டவே வேண்டாம்." அதன் கீழே அப்பா வரிசையாகச் சிரிக்கிற முகங்களை அடுக்கி, "ஹா ஹா, நல்ல பூனை" என்று எழுதியிருந்தார்.

பெரியவள் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள்.

குழுவில் இருந்த அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள் என்று நீலக் குறி சொல்லிற்று. சித்தப்பா எழுதுகிறார் என்று காட்டியது, நின்றுவிட்டது. மாமா பையன் எழுதுகிறான் என்றது, அவனும் நிறுத்திக்கொண்டான். எல்லோரும் கதவுக்குப் பின்னால் நின்று மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. கடைசியில் சித்தி மட்டும் ஒரு சிரிக்கிற முகத்தைப் போட்டாள். பாவம், சித்திக்கு எதற்கும் அந்த முகம்தான்.

பெரியவள் சின்னவளைக் கூப்பிட்டாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்க்கா. நல்லவேளை, அவருக்குப் புரியல. விட்டுடு."

"எவ்வளவு நேரத்துக்குப் புரியாம இருக்கும்? யாராவது ஒருத்தர் வாயைத் திறந்துட்டா? நாமளே சொல்லிடலாம்டி. நீ வா. நேர்ல வா."

"நான் வந்து என்னத்தைச் சொல்றது?"

"நாலு நாள் மட்டும்தான் கேட்டேன்னு சொல்லு. அது உனக்கு மட்டும்தான் தெரியும். நான் சொன்னா சாக்கு மாதிரி இருக்கும். நீ சொன்னா நம்புவார்."

மறுமுனையில் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. சின்னவளின் கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை. அன்றைக்கு நாலு நாள் கேட்டபோது சின்னவள் சொன்ன பதிலும் அதுதான். "அவரு நாள் பூரா மீட்டிங்ல இருக்காருக்கா. அப்பா இருமினா அத்தனை பேருக்கும் கேக்கும்."

"சரி, வரேன்" என்றாள் சின்னவள். "ஆனா அழுது ஆர்ப்பாட்டம் பண்ணாதே."

பெரியவள் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அப்பா கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தார். கண்ணாடி மூக்கு நுனியில். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா வா. சீக்கிரம் வந்துட்டியே. இங்க வா, ஒண்ணு காட்டறேன்."

"அப்புறம் பாக்கறேன்பா."

"அட, பூனைம்மா! ஒரு நிமிஷம்."

பூனை மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. எலிக் குரல் அறை முழுக்கக் கத்திற்று. அப்பா தோள் குலுங்கச் சிரித்தார். அவர் இப்படிச் சிரித்துப் பார்த்து வெகு காலமாகியிருந்தது. பெரியவளும் உதட்டை இழுத்துச் சிரித்து வைத்தாள். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கிற தண்டனையை எந்தக் கோர்ட்டும் விதித்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை.

"யாரு பெத்த பொண்ணோ" என்றார் அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்த அப்பன் என்ன பாவம் பண்ணானோ."

இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். வாசல் மணி அடித்தது.

சின்னவள் உள்ளே வந்தாள். கையில் பை, தோளில் இன்னொரு பை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. அப்பா எழுந்து உட்கார முயன்றார்.

"பாப்பா! நீயா? சொல்லவே இல்லையே!"

"சும்மா பாத்துட்டுப் போலாம்னுப்பா."

அப்பா அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "கொஞ்சம் கறுத்துட்டியேம்மா? கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு. போன்ல நல்லா இருந்தியே, நேத்துகூட."

சின்னவள் சிரித்துச் சமாளித்தாள். பெரியவள் அடுப்படிக்குப் போனாள். சின்னவளும் பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்தினாள். அப்பாவுக்குக் கேட்காது என்று தெரிந்தும் தாழ்த்தினாள்.

"போனை நான் எடுத்துட்டுப் போயிடறேன். ரிப்பேர்னு சொல்லிக்கலாம். ஒரு மாசத்துல இந்தச் சத்தமெல்லாம் அடங்கிடும். அடுத்து எவளாவது எதையாவது உளறுவா, ஜனம் அங்க போயிடும்."

"அதுவரைக்கும் அவர் என்ன பண்ணுவாரு? உன்னைப் பாக்காம?"

"அதை நான் பாத்துக்கறேன். உன் போன்ல பேசறேன்."

"வேண்டாம்டி. சொல்லிடலாம். நீ பக்கத்துல இருக்கும்போதே சொல்லிடலாம்."

"சொன்னா, 'நாலு நாள் கேட்டாளே, நீ என்ன சொன்னே பாப்பா'ன்னு கேப்பாரு இல்ல? நான் என்னத்தைச் சொல்றது?"

பெரியவள் அவளைப் பார்த்தாள். தங்கையின் பயம் என்ன என்று இப்போதுதான் அவளுக்கு முழுதாக விளங்கிற்று. தன்னைப் போலவே அவளுக்கும் காப்பாற்ற ஒன்று இருந்தது. வெள்ளைத் திரைச்சீலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற அந்தப் பாப்பா.

"அதையும் சொல்லு" என்றாள். "வீட்ல இடைஞ்சல்னு சொல்லு. கோவிச்சுக்க மாட்டாரு."

"உனக்குச் சொல்றது சுலபம்க்கா. உன்மேல அவருக்குக் கோவம் வந்தாலும் நீ இங்கதான் இருக்கப்போறே. என்மேல வந்தா, சாயங்காலம் அவரு போனை எடுக்காம விட்டா முடிஞ்சுது. எனக்கு அவரு அவ்வளவுதான்."

பெரியவளுக்குப் பதில் சொல்ல நேரம் இல்லை. கூடத்தில் அப்பாவின் போன் மணியடித்தது. குழுவில் ஏதோ வந்திருக்கிறது.

இருவரும் ஓடி வந்தபோது அவர் அதைத் தொட்டுவிட்டார். அத்தையின் குரல். அப்பாவின் கூடப்பிறந்தவள். எழுத்துக் கூட்டத் தெரியாதவள், எதையும் பேசித்தான் அனுப்புவாள். அப்பா எப்போதும் சத்தத்தை உச்சத்தில்தான் வைத்திருப்பார்.

"அண்ணே, எத்தனை பேரு பாத்துட்டு ஊமையா உக்காந்திருக்காங்க, எனக்கு மனசு கேக்கல. அது எவளோ இல்லண்ணே. உம் பெரிய பொண்ணு. பஸ் ஸ்டாண்டு மைக்குல சொன்னா. உன்னைத்தான் வேண்டாம்ங்கறா. நீ அதைப் போட்டுச் சிரிக்கறியே, எனக்கு வயிறெரியுது."

அப்பா திரும்ப ஒருமுறை கேட்டார். அப்புறம் பூனையை எடுத்துப் போட்டார். இந்த முறை போனைக் காதோடு ஒட்ட வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எஞ்சின் சத்தத்திலேயே கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பார் என்று பணிமனையில் அவருக்குப் பேர் இருந்தது. எலிக் குரலுக்கு அடியில் இருக்கிற குரலைக் கண்டுபிடிக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

முகத்தில் ஈயாடவில்லை.

"நீதானா பெரிசு?"

"நான்தான்பா."

"என்னையா?"

"பாதிதான்பா வெளியே கேட்டது. நாலு நாள் மட்டும்னு சொன்னேன். அதுக்குள்ள மைக்கை அணைச்சுட்டேன். நாலு நாள் வச்சுக்கோ, தூங்கிட்டு வந்துடறேன்னுதான் சொன்னேன். எனக்கு உடம்பு முடியலப்பா அப்போ. சத்தியமா வேற ஒண்ணும் இல்ல."

சொல்லச் சொல்ல அவளுக்கே அது பொய் மாதிரி ஒலித்தது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக, தனித்தனியாக. தாமதத்துக்கு வருந்துகிறோம் என்கிற மாதிரி.

"வேண்டவே வேண்டாம்னு சொன்னியே" என்றார் அப்பா. "ஒரு தடவை சொன்னா கோவம். ரெண்டாம் தடவை எதுக்கு?"

சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னாள். அந்த ஒரு நிமிஷம் அது முழு உண்மை. அதை யாரிடம் விளக்குவது?

அப்பா மெல்லத் திரும்பினார்.

"பாப்பா, உங்கிட்டதானே பேசினா? நீ சொல்லு. நாலு நாள்னு சொன்னாளா?"

சின்னவள் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரை இருட்டாகத்தான் இருந்தது. அதில் என்ன பார்த்தாளோ?

"சொல்லுடி" என்றாள் பெரியவள்.

அடுத்த வீட்டில் குக்கர் விசிலடித்து ஓய்ந்தது. சின்னவள் தலை நிமிரவில்லை.

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தப்பாக விளங்கிற்று.

"பாத்தியா பெரிசு? அக்காவைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரல. பொய் சொல்லவும் வரல. அதான் வாயை மூடிட்டு நிக்கறா. தங்கச்சின்னா இவ தங்கச்சி."

"அப்பா, அப்படி இல்லப்பா..."

"போதும். ஊர் பூராவும் கேட்டாச்சு, இன்னும் என்ன?" அவர் கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து, நடக்க உதவும் இரும்புச் சட்டத்தைப் பிடித்து எழுந்தார். பெரியவள் தாங்கப் போனாள். கையை உதறினார். "நான் பாப்பாவோட போறேன். தினம் தினம் கூப்பிட்டு விசாரிக்கறவ, கூட இருந்தா இன்னும் நல்லாத்தான் பாத்துப்பா. இல்லியா பாப்பா?"

சின்னவள் நிமிர்ந்தாள். அப்பாவைப் பார்த்து, எப்போதும் திரையில் சிரிக்கிற அதே சிரிப்பைச் சிரித்தாள். அது பழக்கத்தில் வந்த சிரிப்பு. அப்பாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

சட்டத்தை 'டொக் டொக்' என்று ஊன்றிக்கொண்டு அவர் உள்ளறைக்குப் போனார். அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"அந்த நீலச் சட்டையையும் எடுத்துக்கறேன் பாப்பா" என்று உள்ளேயிருந்து சொன்னார். "மாப்பிள்ளை வீட்டுக்கு வர்றவங்க போறவங்க இருப்பாங்க. பழசோட இருந்தா நல்லாருக்காது."

கூடத்தில் அக்காவும் தங்கையும் நின்றார்கள்.

"இப்பவாவது சொல்லிடு" என்றாள் பெரியவள். "போய்ச் சொல்லு. இல்ல, கூட்டிட்டாவது போ. ரெண்டுல ஒண்ணு பண்ணு."

சின்னவள் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஒரு பையைத் தோளில் போட்டாள், இன்னொன்றைக் கையில் எடுத்தாள்.

"பாப்பா, உங்க வீட்ல பாத்ரூம் பக்கத்துலயே இருக்கா? ராத்திரி எழுந்தா தூரம் நடக்க முடியாது எனக்கு" என்று அப்பா கேட்டார். கேட்டுவிட்டு, பதில் வந்த மாதிரியே, "சரி, சரி, பழகிடும்" என்றும் சொல்லிக்கொண்டார்.

பெரியவள் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். சின்னவள் உதறவில்லை. பிடி தானாகத் தளரும்வரை நின்றாள். தளர்ந்தது. வாசலில் குனிந்து, குதிகால் செருப்புகள் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டாள். தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் விலக்கினாள். வெறுங்காலோடு படியிறங்கிப் போனாள்.